லிமிட்டர் விளக்கு எரியவே இல்லை, ஹார்ன் டயாபிராம் மட்டும் எரிந்துவிட்டது: ஸ்பீக்கர் புராசஸர் அமைப்பில் எங்கே தவறினேன்?

புதுமேடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்சோலின் ஒலியைப் பிரித்துச் சீராக்கி ஆம்ப்ளிஃபையர்களுக்கு அனுப்பும், இரண்டு உள்ளீடும் ஆறு வெளியீடும் கொண்ட டிஜிட்டல் ஸ்பீக்கர் புராசஸர் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பக்கத்துக்கு ஒன்றாக இரட்டை 18 அங்குல சப் பெட்டியும், 12 அங்குல மிட்டும் கம்ப்ரெஷன் டிரைவர் பூட்டிய ஹார்னும் கொண்ட டாப் பெட்டியும் என்னிடம் உள்ளன. சப், மிட், ஹார்ன் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர்கள். இதே பெட்டிகளை வைத்திருக்கும் ஒருவர் கொடுத்த பிரீசெட்டை (சேமித்த அமைப்புக் கோப்பை) அப்படியே ஏற்றினேன். அதில் கிராஸ்ஓவர் (ஒலியை சப், மிட், ஹார்ன் என்று பிரிக்கும் புள்ளி) 90 ஹெர்ட்ஸிலும் 1.2 கிலோஹெர்ட்ஸிலும் உள்ளது. இரண்டும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை வடிகட்டி, ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. ஹார்ன் வெளியீட்டின் லிமிட்டர் (குறித்த அளவுக்கு மேல் வெளியீடு போகாமல் தடுப்பது) +4 டிபியுவில் (மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அளவு) இருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியில் ஒரு பக்க ஹார்ன் பேச்சை நிறுத்திவிட்டது. கழற்றிப் பார்த்தால் டயாபிராமோடு ஒட்டிய கம்பிச்சுருளான காயில் கருகியிருந்தது. அன்று மாலை முழுவதும் புராசஸரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹார்ன் வெளியீட்டின் லிமிட்டர் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். டிரைவரின் தகட்டில் 8 ஓம், ஏ.இ.எஸ். (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) முறைப்படி 75 வாட் என்று உள்ளது.

இன்னொரு குறையும் உண்டு. சப் பெட்டிகள் டாப்பைவிட 1.2 மீட்டர் முன்னால் இருப்பதால், நாடாவால் அளந்து சப்பிற்கு 3.5 மில்லி விநாடி டிலே கொடுத்தேன். ஆனாலும் கூட்டத்தின் நடுப்பகுதியில் பாஸ் மெலிந்தே கேட்கிறது. சப்பின் ஒலியளவைக் கூட்டினால் அடிமட்ட முழக்கம் கூடுகிறதே தவிர, அந்த மெலிவு நிரம்பவில்லை. இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றனவா, வேறு வேறு காரணங்களா?

பழைய கன்சோல் எழுதியது:

இரண்டும் வேறு வேறு காரணங்கள் என்றே நினைக்கிறேன். முதலாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் காசு கரைகிறது.

ஹார்னை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரின் கெயின் எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. அதன் வாட் கணக்கை நான் கேட்கவில்லை, மின்னழுத்தத்தை அது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதையே கேட்கிறேன். பின்பக்கத்தில் 26 டெசிபெல், 32 டெசிபெல், 0.775 வோல்ட், 1.4 வோல்ட் என்று ஏதேனும் ஒரு சுவிட்ச் இருக்கும். அது எந்த நிலையில் உள்ளது, முன்பக்கக் குமிழ்கள் எவ்வளவு திறந்துள்ளன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 0.775 வோல்ட் என்று போட்டிருந்தால் அது கெயின் அன்று. அந்த ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனை எட்டுவதற்கு வேண்டிய உள்ளீடு. அதிலிருந்து கெயினைத் தனியே கணக்கிட வேண்டும்.

புதுமேடை எழுதியது:

பார்த்துவிட்டேன், ஐயா. மூன்று ஆம்ப்ளிஃபையர்களும் 32 டெசிபெல் நிலையில் உள்ளன. ஹார்ன் ஆம்ப்ளிஃபையரின் குமிழ் முழுவதும் திறந்திருக்கிறது. மிட்டின் குமிழை மட்டும் 6 டெசிபெல் குறைத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் குரல் சற்று முரடாகக் கேட்டது. பிரீசெட் கொடுத்தவரிடமும் விசாரித்தேன். அவருடைய ஆம்ப்ளிஃபையர்கள் 26 டெசிபெல்லாம்.

பழைய கன்சோல் எழுதியது:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. கணக்கை முழுமையாகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் பிறகு யாருடைய பிரீசெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற மாட்டார்கள்.

8 ஓம் டிரைவருக்கு 75 வாட் போக வேண்டுமானால், வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 600இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 24.5. அதாவது அந்தக் காயிலின் முனைகளில் நீண்ட நேரத்துக்கு 24.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. 26 டெசிபெல் கெயின் என்பது 20 மடங்கு. எனவே புராசஸரிலிருந்து 1.23 வோல்ட் வெளியேறும்போது டிரைவரில் 24.5 வோல்ட் விழும். 0 டிபியு என்பது 0.775 வோல்ட் ஆகையால், 1.23 வோல்ட் என்பது சரியாக +4 டிபியு. பிரீசெட் கொடுத்தவர் தம்முடைய கருவிகளுக்குத் துல்லியமாகவே கணக்கிட்டிருக்கிறார்.

உங்களிடம் 32 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 40 மடங்கு. அதே +4 டிபியு இப்போது 49 வோல்ட்டாக வெளிவருகிறது. 49ஐ வர்க்கமாக்கி 8ஆல் வகுத்தால் 300 வாட். 75 வாட் தாங்கும் காயிலுக்கு 300 வாட் போனால்தான் விளக்கு எரியத் தொடங்கும். விளக்கு எரிவதற்கு முன் காயில் எரிந்ததில் வியப்பில்லை.

உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு ஹார்ன் லிமிட்டர் −2 டிபியுவில் இருக்க வேண்டும். நானாக இருந்தால் இன்னும் 3 டெசிபெல் கீழே இறக்கி −5இல் வைப்பேன். தகட்டில் எழுதியிருக்கும் வாட் என்பது குறிப்பிட்ட நேரச் சோதனையில் டிரைவர் தப்பிப் பிழைத்த அளவு. இரவெல்லாம் அந்த அளவில் ஓட்டலாம் என்ற உறுதிமொழியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, மிட்டின் குமிழைக் குறைத்து வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். குமிழை 6 டெசிபெல் குறைத்தால் கெயின் 26 ஆகிவிடுகிறது. லிமிட்டர் கணக்கும் அதற்கேற்ப மாறுகிறது. பிறகொரு நாள் உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தக் குமிழை முழுவதும் திறந்துவிட்டால், ஹார்னுக்கு நேர்ந்ததே மிட்டுக்கும் நேரும். குமிழ்களை முழுவதும் திறந்து வைத்து, அளவுச் சமநிலையைப் புராசஸரின் வெளியீட்டுக் கெயினில் செய்யுங்கள். ஆனால் அந்தக் கெயின் லிமிட்டருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைக் கருவியின் கையேட்டிலுள்ள, சமிக்ஞை செல்லும் வழியைக் காட்டும் தடவரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பின்னால் இருந்தால் இதே சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

சாலிடர் புகை எழுதியது:

கணக்கு சரி. ஆனால் ஆர்.எம்.எஸ். (அலையின் சூடாக்கும் திறனைக் காட்டும் ஒருவகைச் சராசரி) லிமிட்டர் ஒன்றை மட்டும் வைத்தால் போதாது. ஸ்பீக்கர் இரண்டு வழிகளில் சாகிறது. ஒன்று, மெல்ல மெல்லக் காயில் சூடேறி ஒட்டும் பசை இளகுவது. மற்றொன்று, ஒரே அடியில் கூம்பு அளவுக்கு மீறிப் பயணித்துக் காயில் இடிபடுவது அல்லது கிழிவது. முதலாவதற்கு மெதுவாகச் செயல்படும் ஆர்.எம்.எஸ். லிமிட்டரும், இரண்டாவதற்கு உடனடியாகச் செயல்படும் பீக் லிமிட்டரும் வேண்டும்.

12 அங்குல மிட் 8 ஓம், 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். 63.2 வோல்ட் வருகிறது. அதை 40ஆல் வகுத்தால் 1.58 வோல்ட், அதாவது +6.2 டிபியு. இது ஆர்.எம்.எஸ். லிமிட்டருக்கு. சோதனைக்குப் பயன்படும் இரைச்சலின் உச்சம் அதன் சராசரியைவிட 6 டெசிபெல் உயர்ந்தது என்பதால், பீக் லிமிட்டரை +12.2இல் வைக்கலாம்.

புதிய டயாபிராம் பூட்டுபவருக்கு ஒரு குறிப்பு. ஹார்ன் டிரைவருக்குத் தொடராக ஒரு கெபாசிட்டர் இணைத்துவிடுங்கள். 8 ஓமுக்கு 33 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கும். ஆம்ப்ளிஃபையர் பழுதாகி நேர்மின்னோட்டம் வந்தாலும், யாரோ கேபிளை மாற்றிச் செருகி சப்பின் சமிக்ஞை ஹார்னுக்குப் போனாலும், அந்தச் சிறு பொருள் டயாபிராமைக் காப்பாற்றும். புராசஸரால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் தவறு நடப்பது அதற்குப் பின்னால்.

கட்டக்கோடு எழுதியது:

கெபாசிட்டர் நல்ல யோசனைதான், ஆனால் அது கட்டத்தை (ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் இருக்கும் நிலை) திருப்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 600 ஹெர்ட்ஸ் முதல்படி வடிகட்டி 1.2 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 27 பாகை நகர்த்தும். ஆகவே கெபாசிட்டரைப் பூட்டிய பிறகுதான் மிட்டையும் ஹார்னையும் ஒத்திசைக்க வேண்டும். முன்பு ஒத்திசைத்த எண்களை அப்படியே விட்டுவிடக் கூடாது.

பீக் லிமிட்டருக்கு +12.2 என்று சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. 63.2 வோல்ட்டின் இரு மடங்கான 126 வோல்ட் என்பது அலையின் உண்மையான உச்சி. பெரும்பாலான புராசஸர்களில் லிமிட்டர் எண் சைன் அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பாக அளவிடப்பட்டிருக்கும். 126 வோல்ட் உச்சியுள்ள சைன் அலையின் ஆர்.எம்.எஸ். 89.4 வோல்ட், 8 ஓமில் அது 1000 வாட். அதை 40ஆல் வகுத்து டிபியுவாக மாற்றினால் +9.2தான் வருகிறது. +12.2 என்று வைத்தால் பீக் லிமிட்டர் விழித்துக்கொள்வதற்கு 3 டெசிபெல் முன்பே 1000 வாட் ஆம்ப்ளிஃபையர் வெட்டத் தொடங்கிவிடும். லிமிட்டர் இருந்தும் இல்லாததுபோல் ஆகும்.

எந்தக் கருவி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆம்ப்ளிஃபையர் கேபிளைக் கழற்றிவிட்டு, பீக் லிமிட்டரை +6 டிபியுவில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை அந்த அலைவரிசை செல்லும் வெளியீடு ஒன்றுக்கு அனுப்பி, அளவை மெல்ல உயர்த்துங்கள். வெளியீட்டு மின்னழுத்தம் மல்டிமீட்டரில் 1.55 வோல்ட்டில் நின்றால் எண் சைன் அலையின் ஆர்.எம்.எஸ். கணக்கு. 1.09 வோல்ட்டில் நின்றால் அது உச்சிக் கணக்கு. 100 ஹெர்ட்ஸைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண மல்டிமீட்டர்கள் பல, அதிர்வெண் கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் பொய் சொல்லத் தொடங்கும். ஆம்ப்ளிஃபையரின் கெயினையும் இதே முறையில், ஸ்பீக்கர் இணைக்காமல், குறைந்த அளவில் அளந்து சரிபார்க்கலாம். முழு அளவில் அதன் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம் ஆளுக்கே ஆபத்தானது என்பதை மறக்க வேண்டாம்.

சாலிடர் புகை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். என் கருவி உச்சிக் கணக்கைக் காட்டுவது என்பதால் அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று: ஆர்.எம்.எஸ். லிமிட்டர் இல்லாத, ஒரே ஒரு லிமிட்டர் கொண்ட மலிவான புராசஸராக இருந்தால் என்ன செய்வது? நான் அங்கே குறைந்த எண்ணையே வைக்கச் சொல்வேன். சற்றுத் தட்டையாகக் கேட்டாலும் பொருள் மிஞ்சும்.

கட்டக்கோடு எழுதியது:

அதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்படிப்பட்ட கருவியில் அட்டாக், ரிலீஸ் நேரங்களை (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம், விட எடுக்கும் நேரம்) அலைப்பட்டைக்கேற்ப மாற்றுவதும் உதவும். சப்பின் ஒரு சுற்று முடியவே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும்போது, அட்டாக்கை அரை மில்லி விநாடியில் வைத்தால் லிமிட்டர் அலையின் வடிவத்தையே கசக்கிவிடும். அது உருமாற்றமாகக் கேட்கும். சப்பிற்கு 16 மில்லி விநாடி, மிட்டுக்கு 4 மில்லி விநாடி, ஹார்னுக்கு அரை மில்லி விநாடி அல்லது அதற்கும் குறைவு என்று தொடங்கி, ரிலீஸை அதைப்போல் 16 மடங்கு வைப்பது என் வழக்கம்.

இப்போது பாஸ் மெலிவுக்கு வருகிறேன். நாடாவால் அளந்தது தூரத்தை மட்டுமே காட்டும். ஒலி 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால் 1.2 மீட்டருக்கு 3.5 மில்லி விநாடி என்பது சரியான வகுத்தல்தான். ஆனால் சப்பின் ஒலி தாமதமாவதற்குத் தூரம் மட்டும் காரணமன்று. அதன் லோ-பாஸ் வடிகட்டி, பெட்டியின் துளை அதிர்வு, அடியில் கொடுத்திருக்கும் ஹை-பாஸ் எல்லாம் சேர்ந்து கட்டத்தைத் திருப்புகின்றன. இதனால் சப் முன்னால் நின்றாலும் அதன் ஒலி நேரத்தில் பின்தங்குவது மிகச் சாதாரணம். முன்னால் இருக்கிறதே என்று அதற்கு மேலும் டிலே கொடுத்தால், பின்தங்கியவனை இன்னும் பிடித்து இழுத்ததாக ஆகும்.

கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டும் ஒரே அளவில், ஒரே கட்டத்தில் வந்தால் 6 டெசிபெல் கூடும். 90 பாகை விலகினால் 3 டெசிபெல்தான் கூடும். 120 பாகையில் கூட்டிய பயனே இல்லை. அதற்கு மேல் போனால் இரண்டாவது பெட்டி முதல் பெட்டியை அழிக்கிறது. நீங்கள் சப்பின் அளவைக் கூட்டியும் மெலிவு நிரம்பாதது இதற்குப் பொருந்துகிறது.

லிங்க்விட்ஸ்-ரைலி என்று திரையில் தேர்ந்தெடுத்ததால் ஒலியிலும் அதுவே கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976இல் அந்த வடிகட்டியை விவரித்தபோது ரஸ் ரைலியின் பங்கும் அதில் இருந்தது. இரு பக்கமும் கிராஸ்ஓவர் புள்ளியில் 6 டெசிபெல் இறங்கி, ஒரே கட்டத்தில் கூடித் தட்டையாக வரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் பெட்டிக்கே ஒரு சரிவு உண்டு. டாப் பெட்டி 80 ஹெர்ட்ஸிலேயே தானாக இறங்குகிறதென்றால், அதன்மேல் 24 டெசிபெல் வடிகட்டியைப் போடும்போது காற்றில் கிடைப்பது வேறொரு சரிவு.

அளவிடும் மைக்கும் இரண்டு உள்ளீடுள்ள இடைமுகமும் இருந்தால், ஸ்மார்ட், ஓப்பன் சவுண்ட் மீட்டர் போன்ற இரட்டை எஃப்.எஃப்.டி. மென்பொருள் (அனுப்பிய சமிக்ஞையையும் மைக்கில் வந்ததையும் ஒப்பிடுவது) ஒன்றில் சப்பின் கட்டக் கோட்டையும் டாப்பின் கட்டக் கோட்டையும் தனித்தனியே எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். மைக்கைத் தரையிலேயே படுக்க வையுங்கள், தரை எதிரொலி குழப்பாது.

பழைய கன்சோல் எழுதியது:

மென்பொருள் இல்லாத காலத்தில் நாங்கள் செய்த வழி ஒன்று உண்டு. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் சைன் அலையை ஓடவிட்டு, சப்பின் துருவத்தை (+, − முனைகளை) மாற்றி, டிலேயை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒலி மிகவும் அடங்கும் இடத்தில் நிறுத்தித் துருவத்தைத் திருப்பினால் அங்கே அது மிகவும் எழும். காதுக்கு, உயர்வைவிட அடங்குவதைக் கண்டுபிடிப்பது எளிது.

கட்டக்கோடு எழுதியது:

வழி சரியானது, ஆபத்தும் உண்டு. 90 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 11.1 மில்லி விநாடி. ஒரு முழுச் சுற்று தள்ளி நின்றாலும் அந்த ஒரே அதிர்வெண்ணில் ஒலி அடங்கத்தான் செய்யும். ஆனால் 70இலும் 110இலும் எல்லாம் குலைந்திருக்கும். கட்டக் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டால் போதாது, கிராஸ்ஓவரைச் சுற்றிலும் சாய்வு ஒன்றாகப் படிய வேண்டும். உங்கள் வழியில் சுழியத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, முதலில் தென்படும் அடக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

புதுமேடை எழுதியது:

மைக் ஒன்றை இரவல் வாங்கி இன்று பகல் முழுவதும் அளந்தேன். பிரீசெட்டை மாற்றும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையர்களை அணைத்துவைத்தேன். கூட்டம் நிற்கும் நடுப்பகுதியில், 90 ஹெர்ட்ஸில் சப் டாப்பைவிட 150 பாகை பின்தங்கியிருந்தது. அதை நேரமாக மாற்றினால் 4.6 மில்லி விநாடி. நான் கொடுத்த 3.5ஐ எடுத்துவிட்டேன்; மிச்சம் 1.1. அதை டாப்பின் மிட்டுக்கும் ஹார்னுக்கும் சமமாகச் சேர்த்தேன். கோடுகள் 65 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸ்வரை ஏறத்தாழ ஒன்றாகப் படிந்தன. சோதனைக்காகச் சப்பின் துருவத்தைத் திருப்பியபோது 90இல் ஆழமான பள்ளம் விழுந்தது. மீண்டும் திருப்பியதும் பள்ளம் போய், முன்பைவிட 11 டெசிபெல்லுக்கு மேல் உயர்ந்து நின்றது. நாடாவை நம்பி நானே என் பாஸை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் பக்கவாட்டில் நடந்து பார்த்தால் எல்லா இடத்திலும் இப்படியில்லை. அதை ஈக்யூவால் (அதிர்வெண் வாரியாக ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது) சரிசெய்யலாமா?

கட்டக்கோடு எழுதியது:

முடியாது. 150 பாகைக்கு 2 டெசிபெல் விலகலுக்குள் கணக்கும் ஒத்துவருகிறது, நல்ல அளவீடு. இடத்துக்கு இடம் மாறும் பள்ளம், வழித்தூர வேறுபாட்டால் வருவது. ஒரு இடத்தில் அதை ஈக்யூவால் நிரப்பினால் இன்னொரு இடத்தில் மேடாகும். பெரும்பான்மையோர் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒத்திசைத்துவிட்டு, மற்ற இடங்களில் கிடைப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளியீட்டு ஈக்யூவைப் பெட்டியின் சொந்தக் குறைகளுக்கு மட்டும் வைத்து, அது முடிந்ததும் பூட்டிவிடுங்கள். இடத்துக்கேற்ற மாற்றங்களை உள்ளீட்டு ஈக்யூவில் செய்தால், மூன்று பட்டைகளும் சேர்ந்தே நகரும், ஒத்திசைவு குலையாது.

வெப்பநிலையைப் பற்றி யாரேனும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 1.2 மீட்டருக்கு அது பொருட்டே அன்று. 50 மீட்டர் தள்ளி டிலே ஸ்பீக்கர் வைத்தால், 20 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் ஏறத்தாழ 4 மில்லி விநாடி மாறும். அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

புதுமேடை எழுதியது:

புதிய டயாபிராமும் கெபாசிட்டரும் பூட்டிவிட்டேன். மிட்டையும் ஹார்னையும் அதன் பிறகு மீண்டும் ஒத்திசைத்தேன். ஹார்ன் லிமிட்டர் −5, மிட் +6.2, மிட்டின் பீக் +9.2. என் கருவி சைன் அலையின் ஆர்.எம்.எஸ். கணக்கையே பின்பற்றுகிறது, 1.55 வோல்ட்டில் நின்றது. குமிழ்கள் எல்லாம் முழுத் திறப்பில், மேலே டேப் ஒட்டியிருக்கிறேன்.

நேற்றைய நிகழ்ச்சியில் ஹார்னின் லிமிட்டர் விளக்கு அடிக்கடி மினுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க மனம் பதைக்கிறது. இது சரிதானா?

பழைய கன்சோல் எழுதியது:

முன்பு எரியாமல் இருந்தபோதுதான் பதைத்திருக்க வேண்டும். பீக் விளக்கு தாளத்தின் அடிகளுக்கு மினுங்குவது அதன் வேலை. ஆர்.எம்.எஸ். விளக்கு ஒரு பாட்டு முழுவதும் அணையாமல் நின்றால் மட்டும் கன்சோலின் மாஸ்டரை 3 டெசிபெல் இறக்குங்கள். அப்படியும் ஒலி போதவில்லை என்றால் லிமிட்டரைத் தொடாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் பெட்டிகள் போதவில்லை. 32 டெசிபெல் என்பதைப் பிரீசெட்டின் பெயரிலேயே எழுதிச் சேமித்துவிடுங்கள், நாளை நீங்களும் யாருக்கேனும் அந்தக் கோப்பைக் கொடுக்கத்தான் போகிறீர்கள்.